மாயா யோஷிதா: ஜப்பானின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர் அவர்தானா?

கடலோரன்:
கால்பந்தில் ஜப்பான் உருவாக்கிய தடுப்பாட்டக்காரர்களுள் மாயா யோஷிதாவுக்கே முதலிடம் தர வேண்டும் என்று கருதுகிறேன். நாகசாகியில் பிறந்து நகோயா கிராம்பஸ் இளையோர் அணியில் வளர்ந்த அவர், 2010இல் நெதர்லாந்தின் வென்லோவுக்கும் 2012இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனுக்கும் சென்றார். அதுவரை ஐரோப்பாவில் பெயர் பெற்ற ஜப்பானியர்களுள் நகாதா, நகமுரா போன்ற நடுக்கள வீரர்களே முன்னால் நின்றனர். இஹாராவும் நகசாவாவும் தம் காலத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரர்களாக இருந்தும் உள்நாட்டு மன்றங்களிலேயே ஆடி முடித்தார்கள். உயரமும் உடல்வலுவும் முதலில் எடைபோடப்படும், கோலுக்கு நேர் முன்னால் நின்று தடுக்கும் சென்டர் பேக் இடத்தில், இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீக்கில் ஏழு ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்ததை வேறு எந்த ஜப்பானியரும் அதற்கு முன் செய்ததில்லை.

முத்தழகு:
நீண்ட காலம் ஓர் அணியில் இருந்ததையும் அந்த அணியின் தூணாக இருந்ததையும் ஒன்றாக எண்ணக் கூடாது. சவுத்தாம்ப்டனின் சென்டர் பேக்குகளாக முதலில் ஃபோன்டேயும் ஆல்டர்வெய்ரல்டும், பிறகு ஃபோன்டேயும் வான் டைக்கும் ஆடியபோது, யோஷிதா பெரும்பாலும் மாற்று வீரராகவே காத்திருந்தார். ஃபோன்டே விற்கப்பட்டு, வான் டைக் காயமடைந்த 2017இன் தொடக்கத்தில்தான் அவருக்கு நிலையான இடம் கிடைத்தது. நாட்டுக்காக ஆடும்போதும் பெரிய தருணங்களில் அவரிடம் தவறுகள் நேர்ந்தன. 2019 ஆசியக் கோப்பை இறுதியாட்டத்தில் அவர் கையில் பந்து பட்டதால் கிடைத்த பெனால்டியே கத்தாரின் மூன்றாவது கோலாயிற்று. 2022 உலகக் கோப்பையில் கோஸ்டாரிகாவுக்கு எதிராகப் பந்தை வலுவாக வெளியேற்றாமல் அவர் மெல்லத் தூக்கிவிட்டதில்தான் ஃபுல்லரின் கோல் பிறந்தது. என் தேர்வு நகதோமோ. இன்டர் மிலானில் ஏழு ஆண்டுகள், 2022 வரை நான்கு உலகக் கோப்பைகள், நாட்டுக்காக 142 ஆட்டங்கள். 2011 ஆசியக் கோப்பை இறுதியாட்டத்தின் கூடுதல் நேரத்தில் லீ அடித்த வெற்றி கோலுக்குப் பந்தை அனுப்பியவரும் அவரே.

கடலோரன்:
நகதோமோவின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் அவர் பக்கவாட்டில் ஆடுபவர். அவர் பந்தை இழந்தால் பின்னால் காக்க இன்னொருவர் இருப்பார், சென்டர் பேக்குக்குப் பின்னால் கோல்காப்பாளர் மட்டுமே. அதனால்தான் யோஷிதாவின் தவறுகள் ஆண்டும் நிமிடமும் சொல்லி நினைவுகூரப்படுகின்றன; அவர் தடுத்த நூற்றுக்கணக்கான பந்துகளை யாரும் எழுதி வைப்பதில்லை.

கோஸ்டாரிகா ஆட்டத்தைக் குறிப்பிட்டீர்கள். அதற்கு நான்கு நாள் முன்பு ஜெர்மனியை 2–1 என வென்ற அணிக்கும், நான்கு நாள் பின்பு ஸ்பெயினை அதே கணக்கில் வென்ற அணிக்கும் அவரே தலைவர். ஸ்பெயினுக்கு எதிராக ஜப்பானிடம் 18 விழுக்காட்டுக்கும் குறைவான நேரமே பந்து இருந்தது. இடாகுரா, தானிகுச்சி ஆகியோருக்கு நடுவில் நின்று அந்த மூவர் அரணைக் கடைசி வரை கலையாமல் காத்தவரைக் கோஸ்டாரிகாவின் ஒரு கோலால் மட்டும் அளப்பது நியாயமாகாது.

வெண்பனி:
இருவரும் பேசாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். 2019 ஆசியக் கோப்பையில் யோஷிதாவுக்கு அருகில் நின்று ஆடிய டோமியாசுவுக்கு அப்போது 20 வயது. திறமையை மட்டும் பார்த்தால் டோமியாசு மேலானவர் என்றே எனக்குத் தோன்றுகிறது. வேகமும் இரு கால்களிலும் சமமான பயிற்சியும் யோஷிதாவுக்கு வாய்க்காதவை. ஆயினும் காயங்கள் டோமியாசுவைத் திரும்பத் திரும்ப ஆடுகளத்துக்கு வெளியே வைத்தன. எனவே ஒருவர் எத்தனை ஆண்டு ஆடத் தகுதியோடு இருந்தார் என்பதும் திறமையின் ஒரு பகுதிதான், முத்தழகு.

முத்தழகு:
ஏற்கத்தக்க வாதம்தான். ஆனால் தலைவர் என்று சொல்லும்போது முடிவுகளையும் பார்க்க வேண்டும். 2012 லண்டன் ஒலிம்பிக்கிலும் டோக்கியோ ஒலிம்பிக்கிலும் யோஷிதா தலைமையில் அணி நான்காம் இடத்தோடு நின்றது. 2022 உலகக் கோப்பையில் குரோவேஷியாவுக்கு எதிரான பெனால்டி வரிசையில் அவர் அடித்த பந்தையும் அந்த அணியின் கோல்காப்பாளர் லிவாகோவிச் தடுத்துவிட்டார்.

கடலோரன்:
அன்று மினாமினோவின் பந்தும் மிதோமாவின் பந்தும் முன்பே தடுக்கப்பட்டிருந்தன. அந்த நிலையில் நான்காவதாக அடிக்க ஒரு தடுப்பாட்டக்காரர் சென்றதையே நான் தலைமைப் பண்பு என்கிறேன். கோப்பைதான் அளவுகோல் என்றால், 2024 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் கேலக்ஸி அணி அமெரிக்க லீக்கான எம்.எல்.எஸ்.ஸின் கோப்பையை வென்றபோது அணித்தலைவராக அதை ஏந்தியவர் 36 வயது யோஷிதா. நாட்டு அணி அவரை அழைப்பதை நிறுத்தி அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

முத்தழகு:
அந்த வெற்றியை மதிக்கிறேன். ஆனால் அமெரிக்க லீக்கின் தரத்தை இன்டர் மிலான் ஆடிய இத்தாலிய லீக்கோடு ஒப்பிட முடியாது. ஆகவே முதலிடம் நகதோமோவுக்கே என்பதில் நான் மாறவில்லை. சென்டர் பேக்குகளை மட்டும் தனியாக வரிசைப்படுத்தினால் யோஷிதாவை இஹாராவுக்கு மேலே வைக்க எனக்குத் தடையில்லை.