எலாஸ்டிகா பேண்டுக்கு என்னதான் ஆச்சு?

பேஸ்_முரளி:
எம்.ஐ.ஏ.வோட (அதான் நம்ம ராப் பாடகி மாயா) 'கலாங்' பாட்டு கிரெடிட் பாத்துட்டு இருந்தேன், அதுல ஜஸ்டின் ஃப்ரிஷ்மன்னு ஒரு பேரு, யாருன்னு தேடிப் போனா 90கள்ல லண்டன்ல எலாஸ்டிகான்னு ஒரு பேண்டோட பாடகியாம். அவங்க முதல் ஆல்பத்த போட்டு கேட்டேன், மிரட்டல், ஒரு பாட்டு கூட இழுவை இல்ல. இவ்ளோ நல்லா பண்ணவங்க ரெண்டே ஆல்பத்தோட ஏன் கடைய மூடுனாங்க? சண்டையா, காசா? நம்ம மாயாவுக்கு அங்க என்ன வேலை?

ரீவைண்ட்:
பாஸ், மூடுனது 2001ல, ஆனா கத முடிஞ்சது அதுக்கு ரொம்ப முன்னாடியே. ஜஸ்டின் முதல்ல ஸ்வேட் பேண்டுல இருந்தாங்க, அது பெருசாகுறதுக்கு முன்னாடியே வெளிய வந்து 1992ல இத ஆரம்பிச்சாங்க. டோனா மேத்யூஸ் கிட்டார், ஆனி ஹாலண்ட் பேஸ், ஜஸ்டின் வெல்ச் டிரம்ஸ் (ஆமா, பேண்டுல ரெண்டு ஜஸ்டின்). 1995 மார்ச்ல ஆல்பம் வந்து நேரா பிரிட்டன் சார்ட்ல நம்பர் 1, ஓயாசிஸோட முதல் ஆல்பத்துக்கு அப்புறம் அவ்ளோ வேகமா வித்த முதல் ஆல்பம் இதான்னாங்க. அமெரிக்காவுலயும் 'கனெக்‌ஷன்' பாட்டு ஓடுச்சு, லொல்லபலூசான்னு ஊர் ஊரா போற இசைத் திருவிழா டூர்ல பாடகி சினேட் ஓ'கானர் பாதியில விலகுனப்போ அந்த இடத்துல இவங்கள ஏத்துனாங்க. டூர் டூர்னு சுத்தி அந்த வருஷமே ஆனி கிளம்பிட்டாங்க, போதைப் பழக்கமும் உள்ள வந்துருச்சு, அத பின்னாடி பேண்டுல இருந்தவங்களே பேட்டியில பேசியிருக்காங்க. ஸ்டுடியோவுக்குள்ள போறது, ஆள் மாத்துறது, மறுபடி மொதல்லேருந்துன்னு அஞ்சு வருஷம் ஓடிப்போச்சு, டோனாவும் போயாச்சு. 2000ல ரெண்டாவது ஆல்பம் 'தி மெனஸ்' வந்தப்போ பிரிட்பாப் (90கள்ல பிரிட்டன் கிட்டார் பேண்டுகளோட பாப்) அலையே ஓஞ்சிருச்சு, சார்ட்ல 24ம் இடம். யாரும் யாரையும் திட்டி அறிக்கை விடல, அடுத்த வருஷம் ஒரு சிங்கிள் விட்டுட்டு அவங்கவங்க வேலைய பாக்க போயிட்டாங்க.

பங்க்_சித்தப்பு:
எல்லாரும் ஒரு விஷயத்த நைசா தாண்டி போறீங்களே. 'கனெக்‌ஷன்' ஆரம்பத்துல கீபோர்ட்ல டட்-டட்னு வெட்டி வெட்டி வருதே, அது வயர் பேண்டு 1977லயே 'த்ரீ கேர்ள் ரம்பா'ல கிட்டார்ல வாசிச்சது, அப்படியே ஜெராக்ஸ். 'வேக்கிங் அப்' கேட்டா ஸ்ட்ராங்லர்ஸ் பேண்டோட 'நோ மோர் ஹீரோஸ்' ஞாபகம் வராம இருக்காது. ரெண்டு தரப்புக்கும் கோர்ட்டுக்கு வெளியில செட்டில் பண்ணாங்க. சுட்டா கூட ஸ்டைலா சுட்டாங்க, அத நான் ஒத்துக்கறேன். ஆனா அடுத்த ஆல்பத்துக்கு அஞ்சு வருஷம் ஆனதுக்கு புது ஐடியா சரக்கு தீந்ததும் ஒரு காரணம்னு தோணுது.

ரீவைண்ட்:
சித்தப்பு, சரக்கு தீந்தவங்க 'தி மெனஸ்' மாதிரி ஒண்ண பண்ண மாட்டாங்க. கரடுமுரடா இருக்கும், தி ஃபால் பேண்டு மார்க் ஈ. ஸ்மித் வந்து ஒரு பாட்டுல கத்திட்டு போவாரு. எனக்கு முதல் ஆல்பத்த விட இது பிடிக்கும், சண்டைக்கு வராதீங்க.

தொப்பி_வாப்பா:
மாயா கேள்விக்கு யாரும் பதில் சொல்லலயே. அவங்க செயின்ட் மார்ட்டின்ஸ்ல படம் எடுக்கப் படிச்சவங்க, அப்போ பாட்டெல்லாம் கிடையாது. 'தி மெனஸ்' அட்டை அவங்க டிசைன்தான், அப்புறம் அந்த ஆல்பத்தோட அமெரிக்க டூர வீடியோ எடுக்க கூடவே போனாங்க. அந்த டூர்ல முன்னாடி பாடுனது பீச்சஸ்னு ஒரு பாடகி, அவங்கதான் ரோலண்ட் எம்சி-505ன்னு பீட் போடுற ஒரு பெட்டிய காட்டி நீயே பண்ணிப் பாரேன்னு ஏத்தி விட்டது. அதுலேருந்து கிளம்புனதுதான் 'கலாங்', 2003ல முதல்ல வெறும் 500 பிரதி போட்டாங்க. ஜஸ்டினோட சேந்து அத எழுதுனவங்கள்ல பல்ப் பேண்டு பேஸ் வாசிச்ச ஸ்டீவ் மேக்கியும் உண்டு. எலாஸ்டிகா மட்டும் ஒழுங்கா ஓடியிருந்தா மாயா கேமராவும் கையுமா அப்படியே இருந்திருப்பாங்களோ என்னவோ. 2018ல வந்த மாயா டாக்குமென்டரியில அந்த காலத்து காட்சிகளும் வரும், பாருங்க.

பேஸ்_முரளி:
செம, நன்றி மக்களே. ஜஸ்டின் இப்ப பாடறதே இல்லையா?

தொப்பி_வாப்பா:
இல்ல ப்ரோ. ஆர்க்கிடெக்சர் படிச்சவங்க, பேண்டு கலஞ்சதும் பிபிசியில கட்டடங்கள பத்தி ஒரு ப்ரோக்ராம் பண்ணாங்க, அப்புறம் அமெரிக்கா போயி ஓவியராயிட்டாங்க. பெயின்டிங் கண்காட்சியெல்லாம் நடத்தறாங்க.

பங்க்_சித்தப்பு:
முரளி, வயர் கேட்டுட்டு வந்து சொல்லு, அப்ப பேசிக்கலாம்.