பழைய அவுட்போர்ட் மிஷின்ல (வள்ளத்துக்குப் பின்னால மாட்டுற இஞ்சின்) பிளக்குக்கு கரண்ட் வீக்கா வருதா? உங்க அனுபவத்தச் சொல்லுங்க

முட்டம் கரை:
எங்க வள்ளத்துல கெடக்கது பழைய 9.9 எச்பி டூ ஸ்ட்ரோக், பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி சூடானதும் மண்ணெண்ணைக்கு மாத்துற டைப். காலைல கயித்த இழுத்து இழுத்து தோள்பட்ட வலிதான் மிச்சம், ஸ்டார்ட் ஆனாலும் லோடு குடுத்தா தொங்கும். பிளக்க கழட்டி பாடிய ஹெட்ல ஒட்டவச்சு இழுத்துப் பாத்தா மஞ்சளா மெலிசா ஒரு பொறி, அவ்வளவுதான். நல்ல கரண்டுன்னா நீலமா பட் பட்டுன்னு சத்தத்தோட விழணும். மெக்கானிக் பாத்த ஒடனே சிடிஐ (பொறிக்கு கரண்ட சேத்து வச்சு விடுற எலக்ட்ரானிக் பெட்டி) போச்சு மாத்துன்னுட்டாரு. அதோட விலைய நெனச்சு, மொதல்ல காசு செலவில்லாதத எல்லாம் பாத்துருவோம்னு உக்காந்தேன்.

ஸ்டாப் சுவிட்ச் வயர கழட்டி விட்டு இழுத்தேன், ஏன்னா சுவிட்சுக்குள்ள உப்புத்தண்ணி ஏறுனா சிடிஐக்குப் போற கரண்ட் அது வழியா எர்த் ஆயிரும். அதுல மாத்தம் இல்ல. அடுத்து பிளக் கேப்ப (பிளக் தலையில மாட்டுற மூடி) திருகி எடுத்தா உள்ள வயர் நுனி பச்சையா பூத்துப்போய் கெடக்கு! அர இஞ்ச் வெட்டி, புதுச் செம்பு தெரிய வச்சு, கேப்ப மாத்தினேன் (பழைய கேப்ப மீட்டர்ல வச்சா ரீடிங்கே நிக்கல, ரெசிஸ்டர் கேப்புன்னா 5 கிலோ ஓம் பக்கம் காட்டணும்). பெறவு இக்னிஷன் காயில் (பிளக்குக்குப் போற கரண்ட ஏத்திக் குடுக்கற காயில்) போல்ட்ட கழட்டுனா அடியில வெள்ளையா உப்புப் பொடி, எர்த்தே சரியா புடிக்கல. உப்புத்தாள் போட்டு பளபளன்னு தேச்சு இறுக்குனேன், நீலப்பொறி வந்துட்டு. சிடிஐ அப்பிடியே பழசுதான் ஓடுது.

மக்கா ஒண்ணு மட்டும், டெஸ்ட் பண்ணும்போது எல்லா கேப்புலயும் பிளக்க மாட்டி எர்த் பண்ணி வைங்க. சும்மா தொங்கவிட்டு இழுத்தா கரண்டுக்கு போக வழியில்லாம காயிலையும் சிடிஐயையும் அடிச்சிரும். பெட்ரோல் வாடை அடிக்கிற எடத்துல பொறி பாக்காதீங்க.

மாதகல் போட்காரர்:
அண்ணை, எங்கட 15 குதிரைவலு இஞ்சின் வேற விதம். கரையில நல்லா ஸ்டார்ட் வரும், கடலுக்க போய் சூடானாப் பிறகு நிண்டிடும், ஆறினால் திரும்ப ஓடும். குளிரா இருக்கேக்க மீற்றர் வச்சா எல்லாம் சரியாத்தான் காட்டும். நிண்ட உடன சூட்டோட சூடா சார்ஜ் கொயில் (சிடிஐக்கு கரண்ட் குடுக்கிற கொயில்) வயர் ரெண்டையும் அளந்தம், ஓப்பன்! கொயிலுக்குள்ள மெல்லிய கம்பி விட்டிருக்கு, சூட்டில விரிஞ்சு பிரியுது. பிளைவீலுக்கு கீழதான் அது இருக்கு, கழட்டேக்க புல்லர் (இழுத்துக் கழட்டுற சாமான்) போடுங்கோ, சுத்தியலால அடிச்சால் காந்தமும் வெடிக்கும் கிராங்கும் பழுதாகும்.

தூத்துக்குடி பழைய மிஷின்:
சிடிஐக்கு பதிலா பிளாட்டினம் பாயிண்ட் (தொறந்து மூடி பொறி வர வைக்கிற சின்ன சுவிட்ச்) உள்ள மிஷின் வச்சிருக்கவங்க பாயிண்ட மொதல்ல பாருங்க. மேக்னெட்டுக்கு அடியில ஆயில் கசிஞ்சு பாயிண்ட் முகத்துல படிஞ்சாலே பொறி செத்துரும், நல்ல அட்டையில பெட்ரோல் தொட்டு நடுவுல விட்டு இழுத்தா போதும். பாயிண்ட்லயே பளிச் பளிச்சுன்னு பொறி அடிச்சு முகம் கருகுனா கண்டன்சர மாத்துங்க. பாயிண்ட் தொறக்குற இடைவெளி மிஷினுக்கு மிஷின் மாறும், நெறைய ஜப்பான் மிஷின்ல 0.35 மி.மீ., புக்கப் பாத்து பீலர் கேஜ் (இடைவெளி அளக்குற தகடு) வச்சு செட் பண்ணுங்க.

முட்டம் கரை:
மண்ணெண்ண ஓட்டுறவங்க கரைக்கு வாரதுக்கு கொஞ்சம் முன்னாடியே பெட்ரோலுக்கு மாத்திருங்க அண்ணே. கார்ப்பரேட்டர்ல மண்ணெண்ண நின்னா மறுநாள் பிளக் நனைஞ்சிரும், கரண்ட் நல்லா இருந்தாலும் கரண்ட் இல்லாத மாதிரியே ஏமாத்தும்.