மாதவிடாய் நின்ற பின் வரும் வறட்சிக்கு என்ன சொல்?

ம., திருச்சி

மதிப்பிற்குரிய கலைச்சொல் குழுவினருக்கு,

மாதவிடாய் நின்ற பெண்களுக்கான இரண்டு பக்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் குறைவதால் யோனிச் சுவர் மெலிந்து, ஈரமும் நெகிழ்வும் இழந்து, எரிச்சல், அரிப்பு, உடலுறவில் வலி, அடிக்கடி சிறுநீர் முட்டுதல் என வரும் நிலைக்கு வரைவில் ‘யோனிநலிவு’ என்று எழுதியிருந்தேன். படித்துக் காட்டியபோது 58 வயதுப் பெண் ஒருவர், “எனக்கு என்ன நலிஞ்சு போச்சு, நல்லாத்தானே இருக்கேன்” என்று சொல்லிவிட்டு, தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். சிறுநீர் எரிச்சலுக்காக அந்த ஆண்டில் மட்டும் மூன்று முறை ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர் அவர். வேறு சொல் தாருங்கள்.

இ., சென்னை

அம்மா, நலிவு பழுதற்ற சொல். ‘நலி’ என்னும் வினை வருந்துதலையும் வருத்துதலையும் ஒருங்கே குறிப்பதால், உறுப்பு மெலிவதும் அதனால் ஆள் துன்புறுவதும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. களைய வேண்டியவை யோனி, மாதம் ஆகிய வடசொற்களே. தொல்காப்பியர் கற்பியலில் ‘பூப்பின் புறப்பாடு ஈராறு நாளும்’ என்று விலக்கைப் பூப்பென்றே வழங்குகிறார். ஆகவே ‘பூப்போய்வுப் புணர்புழை நலிவு’ என்பது என் பரிந்துரை; பூப்போய்வு என்பது பூப்பு ஓய்தல், புணர்புழை என்பது யோனி. பழந்தமிழ் நூல்களில் வரும் அல்குல் என்பதையும் எண்ணிப் பார்த்தேன். ஆனால் அது இடையா, இடைக்குக் கீழா என்ற வழக்கே இன்னும் தீராததால் விட்டுவிட்டேன்.

ச., யாழ்ப்பாணம்

ஐயா, பூப்போய்வு என்பதை என் மாணவர்கள் ஏதோ ஓர் ஆய்வு என்றுதான் வாசிப்பார்கள். இங்கே பாடநூலில் அந்த உறுப்புக்கு யோனிமடல் என்று இருக்கிறது. உங்கள் தமிழ்நாட்டுப் பாடநூலிலோ கலவிக்கால்வாய். லத்தீனில் அந்த உறுப்பின் பெயருக்கு வாளுறை என்பதே பொருள். பாளையைப் பொதிந்திருக்கும் மடலும் உறைதானே? நாம் எழுதிக்கொண்டிருப்பதும் மடல் என்பதால் குழப்பம் வரும் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.

வ., கோயம்புத்தூர்

நான் மகப்பேறு மருத்துவர். இலக்கணத்தில் தலையிட மாட்டேன். ஆனால் கலவி, புணர்ச்சி ஆகியவற்றைப் பெயரிலேயே வைத்தால், கணவரை இழந்து பல ஆண்டுகளாகத் தனியே வாழும் பெண் ‘இது எனக்கானதல்ல’ என்று தாளைக் கீழே வைத்துவிடுவார். அவருக்கும் இந்த எரிச்சல் உண்டு. யோனிச் சுவரில் கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பு குறைய, அதை உண்டு வாழும் லாக்டோபேசில்லஸ் என்னும் நல்ல பாக்டீரியா குறைகிறது, 4.5 அல்லது அதற்குக் கீழே இருந்த பி.எச். அளவு 5ஐத் தாண்டி அமிலத்தன்மை குறைகிறது, சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது. முகம் சிவந்து வியர்ப்பதைப் போல இது நாளடைவில் தானாக அடங்குவதில்லை. நலிவு என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலப் பெயர் அச்சமூட்டுவதாகவும் சிறுநீர்த் தொல்லையை விட்டுவிடுவதாகவும் இருந்ததால்தான், 2014இல் வட அமெரிக்க மெனோபாஸ் சங்கமும் பெண்களின் பாலியல் நலத்துக்கான பன்னாட்டுச் சங்கமும் சேர்ந்து அதை மாற்றின. புதிய பெயரைத் தமிழில் சொன்னால் ‘மாதவிடாய் நிறுத்தப் பிறப்புறுப்பு–சிறுநீர்க் கூட்டறிகுறி’ என்றாகும். அதையும் தலைப்பில் போடச் சொல்லவில்லை.

இன்னொன்று: வரைவில் ஈரப்பூச்சையும் மசகையும் ஒன்றாக்கியிருக்கிறீர்கள். முன்னது உடலுறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை இடுவது. பின்னது உறவின்போது மட்டும் பயன்படுவது. மசகு என்றால் வண்டி அச்சுதான் நினைவுக்கு வருகிறது. ‘வழவழப்பு ஜெல்’ போதும். இவற்றால் தீராவிட்டால் மருத்துவர் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீமை, வழக்கமாக முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இருமுறை உள்ளே இடச் சொல்வார். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதற்கு மருத்துவம் பார்ப்பவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் வறட்சிதான் என்று இருந்துவிடக் கூடாது, பரிசோதனைக்கு வர வேண்டும் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

இ., சென்னை

தனித்து வாழும் பெண்ணை நான் எண்ணவில்லை. புணர்புழையைத் திரும்பப் பெறுகிறேன். பூப்போய்வைப் பெறவில்லை.

ம., திருச்சி

நேரமில்லை. நலிவு என்பதை ஐயா ஒருவர்தான் ஆதரிக்கிறார், நான் வறட்சி என்றே வைக்கிறேன். தலைப்பு: ‘மாதவிடாய் நின்றப் பின் வரும் பெண்ணுறுப்பு வறட்சியும் சிறுநீர் எரிச்சலும்’. உள்ளே ஒரே ஓரிடத்தில், மருத்துவச் சீட்டில் பார்த்தால் அடையாளம் தெரிவதற்காக, யோனிநலிவு என்றும் வைக்கிறேன்.

இ., சென்னை

‘நின்ற’ என்பது பெயரெச்சம். அதன்பின் வல்லினம் மிகாது. அச்சகத்தாரை உடனே அழைத்து அந்தப் ‘ப்’பையாவது எடுக்கச் சொல்லுங்கள்.