எலுமிச்சைத் துளிரில் வெள்ளிக் கோடுகள்: தக்காளியிலும் இதே புழுதானா?

கேள்வி: தொட்டியில் வளரும் இளம் எலுமிச்சையின் புதுத் துளிர்களில் வெள்ளிக் கோடுகள் வளைந்து நெளிந்து ஓடுகின்றன, இலைகளும் சுருண்டுவிட்டன. முற்றிய இலைகளில் ஒரு கோடுகூட இல்லை. அருகிலுள்ள தக்காளியிலும் இத்தகைய கோடுகள் இருப்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவியிருக்குமோ என்று ஐயுறுகிறேன். வேப்பெண்ணெய் தெளித்தும் கோடுகள் மறையவில்லை. பாதிக்கப்பட்ட இலைகளைக் கிள்ளிவிடலாமா?

பதில் 1: எலுமிச்சையில் இருப்பது ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா என்னும் இலைத்துளைப்பான் அந்துப்பூச்சியின் புழு. 1856-இல் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் ஸ்டெயின்டன் இதற்குப் பெயரிட்டார். எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி, பம்ளிமாஸ், வில்வம் என ஒரே குடும்பத்துச் செடிகளையே இது நாடுகிறது. ஆகவே தக்காளிக்குப் போயிருக்க வாய்ப்பில்லை. தக்காளியில் கோடு போடுவது பெரும்பாலும் லிரியோமைசா என்னும் சிறு ஈயின் புழுவாகும். உருப்பெருக்கியால் பாருங்கள்: எலுமிச்சைக் கோட்டின் நடுவே புழுவின் கழிவு கரிய இழையாகத் தொடர்ந்து செல்லும், ஈயின் கோட்டிலோ அது இருபுறமும் மாறி மாறித் துண்டுதுண்டாகக் கிடக்கும். ஈயின் புழு பொதுவாக இலையைக் கிழித்துக்கொண்டு மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். அந்துப்பூச்சியின் புழுவோ இலை விளிம்பைப் பட்டிழையால் மடித்து அதற்குள்ளேயே தங்கிவிடும்.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி, ஐயா. விளிம்பு மடிப்பைப் பிரித்தபோது பழுப்பு நிறக் கூடு ஒன்று இருந்தது. அப்படியானால் மருந்து ஏன் வேலை செய்யவில்லை?

பதில் 2: மருந்தின் பலனைக் கோடுகளை வைத்து அளக்க இயலாது. புழு மேல்தோலைப் பிரித்து உள்ளிருக்கும் சாற்றை உண்பதால் உண்டான தடம் அது; புழு இறந்தாலும் மறையாது. மேலும் புழு தோலுக்கு அடியில் இருப்பதால் மேலே தெளிப்பது அதை எளிதில் எட்டுவதில்லை. தாய்ப்பூச்சி இளந்துளிரில்தான் முட்டையிடும் என்பதால், துளிர் விரியத் தொடங்கும்போதே தெளிப்பதில்தான் பயன் உண்டு. இலைகளைக் கிள்ள வேண்டாம் என்பதே என் கருத்து: சுருண்ட இலையும் செடிக்கு உணவு தயாரிக்கிறது, கிள்ளினால் அடுத்த துளிர் கிளம்பி, பூச்சிக்குப் புதிய இடம் கிடைக்கும். தழைச்சத்து உரத்தையும் குறையுங்கள்.

பதில் 1: உடன்படுகிறேன், ஒரு விலக்குடன். இலையில் மஞ்சள் வளையம் சூழ்ந்த, சொரசொரப்பான பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால், அது புழுவின் காயம் வழியே நுழைந்த சொறி நோய்ப் பாக்டீரியாவாக இருக்கலாம். அவ்விலைகளை மட்டும், செடி ஈரமில்லாத வேளையில், அகற்றிவிடுங்கள்.