பதில்: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு தமிழ்ச்சொல் - "மேலறை வெறுந்துடிப்பு" சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம்,

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தோட மேலறை தாறுமாறா துடிக்கற கோளாறு, இதுக்கு நல்ல தமிழ்ச்சொல் என்னன்னு போன வாரம் நான் போட்ட கேள்விக்கு இவ்ளோ பதில் வரும்னு நினைக்கல, எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து வெச்சு ரெண்டு நாளா படிச்சேன். பதில் எழுதறதுக்கு முன்னாடி இந்த சொல்லுக்கு நான் ஏன் இப்படி அலையறேன்னு சொல்லிடறேன், முதல் மெயில்லயே எழுதியிருக்கணும்.

அப்பாவுக்கு போன வருஷம் பைபாஸ் ஆச்சு. வயசு 68, சுகர் பிபி ரெண்டும் உண்டு. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு ஐசியூல இருந்து வார்டுக்கு மாத்தின அன்னைக்கு, அதாவது மூணாவது நாள் சாயங்காலம், மானிட்டர் கத்த ஆரம்பிச்சுது, பல்ஸ் 140, 150ன்னு தாறுமாறா ஓடுது, அவருக்கோ லேசா மூச்சு வாங்கினதைத் தவிர பெருசா ஒண்ணும் தெரியல. மருந்து ஏத்தி ராத்திரிக்குள்ள அடங்கிடுச்சு. டிஸ்சார்ஜ் சம்மரியில ஒரே வரி, "போஸ்ட் ஆப் ஏஎஃப், ரிவர்ட்டட்", அதாவது ஆபரேஷனுக்கு அப்புறம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்து சரியாச்சுன்னு. கூடவே ரெண்டு மாசத்துக்கு ஒரு மாத்திரை. எதுக்குன்னு கேட்டதுக்கு "படபடப்பு வந்துச்சுல்ல, அதுக்கு"ன்னாங்க. வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆச்சு, படபடப்பே இல்ல, ஆஸ்பிரின் வேற போடறோமேன்னு அப்பாவே அதை நிறுத்திட்டார், எங்களுக்குத் தெரியல. அடுத்த வாரம் ஒரு நாள் காலையில காபி டம்ளரை புடிக்க முடியாம வலது கை தொங்கிடுச்சு, பேச்சு குழறுது. அரை மணி நேரத்துல தானா சரியாச்சு, ஆனா அது சின்ன ஸ்ட்ரோக் தான், பெருசா வந்திருக்க வேண்டியது தப்பிச்சீங்கன்னு நியூரோ டாக்டர் சொன்னப்ப எனக்கு கை கால் ஓடல.

அந்த மாத்திரை படபடப்புக்கு இல்ல, ரத்தம் உறைஞ்சு மூளைக்குப் போகாம இருக்க. அதை "ஏஎஃப்"ங்கற ரெண்டு எழுத்தும் சொல்லல, "படபடப்பு"ங்கற தமிழும் சொல்லல. அதனால எனக்கு வேண்டியது அகராதிக்கு அழகான சொல் இல்ல, 68 வயசுக்காரர் படிச்சிட்டு மாத்திரைய நிறுத்தாம இருக்கற சொல்.

இனி உங்க பதில்களுக்கு வரேன்.

> "குறுநடுக்கம் என்று ஏற்கனவே எழுதுகிறார்களே, புதுச்சொல் எதற்கு?"

ஐயா, எழுதறாங்க, நானும் பார்த்திருக்கேன். ஆனா நடுக்கம்னதும் நம்மாளுக்கு முதல்ல வர்றது கை நடுக்கம், அடுத்தது குளிர், அதுக்கடுத்தது பயம். இதே சிக்கல் "உதறல்"லயும் இருக்கு, உதறல் எடுக்குதுன்னா பயந்துட்டான்னு தான் அர்த்தம். "மேலறைப் பதறல்"னு மதுரை அண்ணன் ஒண்ணு குடுத்தாரு, அது எனக்கு ரொம்பவே புடிச்சிருந்தது, பதறாத காரியம் சிதறாதுன்னு பழமொழியும் ஒட்டி வருது, இங்க பதறினா உறைஞ்ச ரத்தம் சிதறி மூளைக்குப் போகுதுங்கறது கூட பொருந்துது. ரெண்டு நாள் அதையே புடிச்சிட்டு இருந்தேன். அப்புறம் திருச்சியில நர்ஸா இருக்கற அக்கா எழுதினதைப் படிச்சதும் விட்டுட்டேன்: "தம்பி, பதறல்னு எழுதினா வீட்டுக்காரங்க பேஷண்ட்டைத் தான் திட்டுவாங்க, நீ பதறினதால தான் வந்துச்சு, தைரியமா இருக்க வேண்டியது தானேன்னு." நூத்துக்கு நூறு உண்மை. எங்க வீட்டுலயே அம்மா அப்படித்தான் சொன்னாங்க.

இது பயத்தால வர்றது இல்ல. நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ணும்போது இதயத்தை சுத்தி அழற்சி வருது, இதயத்தை சுத்தி இருக்கற பையில கொஞ்சம் ரத்தம் நிக்குது, பொட்டாசியம் மெக்னீசியம் ஏறி இறங்குது, உடம்புல அட்ரினலின் பொங்குது, வயசானா மேலறைச் சுவரே கொஞ்சம் இறுகிப் போயிருக்கும். எல்லாம் சேர்ந்து ரெண்டாம் நாள்ல இருந்து நாலாம் நாளுக்குள்ள தான் அதிகமா கிளப்பி விடுது. பைபாஸ் பண்ணிக்கறவங்கள்ல பத்துக்கு ரெண்டு மூணு பேருக்கு வருதுன்னு வெச்சுக்கலாம். பையில ரத்தம் நிக்கறது எவ்ளோ பெரிய காரணம்னா, நியூயார்க்ல ஒரு ஆஸ்பத்திரியில அந்தப் பையோட பின்பக்கம் ஒரு திறப்பு விட்டு வடிய வெச்சவங்களுக்கு 17 சதவிகிதம் தான் வந்துச்சு, விடாதவங்களுக்கு 32. இது 2021ல வந்த முடிவு. பேஷண்ட்டோட மன தைரியத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு சொல்ல இதுக்கு மேல என்ன வேணும்.

> "நாரதிர்வு. மூலச்சொல்லின் வேர் நார் என்பதே."

வேர் சரி தான். 1874ல பிரான்ஸ்ல வல்பியான்ங்கற மருத்துவர் ஃபிப்ரிலேஷன்ங்கற பேரை புழக்கத்துக்கு கொண்டு வந்தப்ப அவர் கண்ணால பார்த்தது அது தான், தசை ஒண்ணா சுருங்காம ஒவ்வொரு இழையும் தனித்தனியா நெளியறது. லத்தீன்ல சின்ன நார்னு அர்த்தம் வர்ற சொல்லை எடுத்தாங்க. ஆனா அது பார்த்தவனோட சொல், வந்தவனோட சொல் இல்ல. நம்ம ஊர்ல நார்னா வாழை நார், இல்லன்னா டயட்டீஷியன் சொல்ற நார்ச்சத்து. பைபாஸ் முடிஞ்சு கீரை சாப்பிடு, நார்ச்சத்து சாப்பிடுன்னு கேட்டுட்டு வர்றவர்கிட்ட நாரதிர்வுன்னா எங்க போய் முடியும்.

சரி, என் பரிந்துரை: மேலறை வெறுந்துடிப்பு.

வெறுங்கை, வெறுவயிறு, வெறுந்தரை மாதிரி வெறும் + துடிப்பு. துடிப்பு இருக்கு, அதுக்குள்ள வேலை இல்ல. நடக்கறது அப்படியே அது தான், மேலறை நிமிஷத்துக்கு 350ல இருந்து 600 தடவை வரைக்கும் துடிக்குது, ஆனா பிழியல, ரத்தத்தை கீழ தள்ளல. தள்ளாத ரத்தம் தேங்குது, தேங்கினா உறையுது, உறைஞ்சது என்னைக்கோ ஒரு நாள் கிளம்பி மூளைக்குழாய்ல போய் மாட்டுது. இந்த நாலு படியையும் ஒரே சொல் சொல்லிட முடியாது, ஆனா முதல் படி சரியா விழுந்தா மீதியை ஆளே யோசிச்சுப்பாரு. எங்க அத்தைகிட்ட வேற எதுவும் விளக்காம இந்த சொல்லை மட்டும் சொன்னேன், "வெறுமனே துடிச்சா ரத்தம் அங்கயே நின்னுக்குமே"ன்னு அவங்களே கேட்டாங்க. நடுக்கம்னு சொன்னப்ப அவங்க கேட்டது "டென்ஷனா?"ன்னு.

> "துடிப்பு என்றால் சீரான அடி. இங்கு சீரே இல்லையே?"

இல்ல ஐயா, தமிழ்ல துடிக்கறது சீரா இருக்கணும்னு இல்ல. நாடி துடிக்குதுங்கறோம், கண்ணு துடிக்குதுங்கறோம், கோபத்துல உதடு துடிக்குது, கரையில போட்ட மீன் துடிக்குது. சீரான அடியும் சீரில்லாத வெட்டுதலும் ரெண்டுமே துடிப்பு தான்.

டாக்டர் ஐயா ஒருத்தர் கேட்ட கேள்வி தான் எல்லாத்தையும் விட கனமானது. ஈசிஜியில கோடு ஓடிட்டு நாடியே கிடைக்காம போற நிலை ஒண்ணு இருக்கே, அதையும் வெறுந்துடிப்புன்னு தானே நினைப்பாங்கன்னு. யோசிச்சேன். அங்க இருக்கறது மின்னோட்டம் மட்டும், அதனால அதை "நாடியற்ற மின்னோட்டம்"னு தனியா வெச்சுக்கலாம், அதுல துடிப்புங்கற சொல்லே வர வேண்டாம். இன்னொரு பக்கம் பார்த்தா, இதே கோளாறு கீழறையில வந்தா "கீழறை வெறுந்துடிப்பு"ன்னு ஆகும், அங்க கீழறை ரத்தம் தள்ளலன்னா நிமிஷக்கணக்குல உயிர் போயிடும், ஷாக் குடுக்கணும். மேலறையில வந்தா கீழறை எப்படியோ சமாளிச்சு ரத்தத்தை அனுப்பிடுது, அதனால தான் எங்க அப்பா கட்டில்ல உக்காந்து பேசிட்டே இருந்தார். ஒரே சொல், எந்த அறைங்கறதுல தான் ஆபத்தோட அளவு மாறுது. ஃப்ளட்டர்னு இன்னொரு துடிப்புக் கோளாறு இருக்கு, அது இதுல சேராது, அதுல மின்னோட்டம் ஒரே வட்டத்துல ஒழுங்கா சுத்தறது, அதுக்கு தனி மெயில் இழை போடுவோம்.

"பைபாஸ்"ஐ புறவழி அறுவைன்னு மாத்தணும்னு ரெண்டு பேர் சொன்னீங்க. வேண்டாம்ங்கறது என் அபிப்ராயம். 1975ல பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில டாக்டர் கே.எம்.செரியன் பண்ணதுல இருந்து, அது தான் நாட்டுலயே முதல், கிராமம் வரைக்கும் பைபாஸ்னா புரியுது. புரியற இடத்துல கை வைக்க வேண்டாம், புரியாத இடத்துல உழைப்போம்.

இப்ப நான் ரொம்ப சந்தோஷப்பட்ட விஷயம். யாழ்ப்பாணத்து அக்கா எழுதினாங்க, அவங்க பள்ளிக்கூட புத்தகத்துல மேலறைக்கு சோணையறைன்னும் கீழறைக்கு இதயவறைன்னும் படிச்சதா. சோணைன்னா காது மடல், செவிச்சோணைன்னு அங்க சொல்வாங்களாம். இது தெரியாம நான் மூணு வாரமா ஒரு சொல்லைத் தேடிட்டு இருந்தேன்! இடது மேலறையோட ஓரத்துல காது மடல் மாதிரியே ஒரு சின்ன பை தொங்குது, லத்தீன்லயும் குட்டிக் காதுன்னு தான் அதுக்குப் பேர். வால்வு கோளாறு இல்லாதவங்களுக்கு வெறுந்துடிப்புல ரத்தம் உறையறது பெரும்பாலும், பத்துக்கு ஒன்பது தடவை, அந்தப் பைக்குள்ள தான். அக்கா, அறைக்கு மேலறைன்னு வெச்சுக்கிட்டு அந்தப் பைக்கு மட்டும் "சோணை"ன்னு நாங்க எடுத்துக்கலாமா? உங்க ஊர் மாணவங்களுக்கு குழப்பம் வருமான்னு நீங்க தான் சொல்லணும். வந்துச்சுன்னா "சோணைப்பை"ன்னு போடலாம்.

இந்த சொல் ஏன் தேவைன்னா, ஏற்கனவே வெறுந்துடிப்பு இருக்கறவங்களுக்கு வேற காரணத்துக்கு இதய ஆபரேஷன் நடக்கும்போதே அந்த சோணையை மூடி விட்டா ஸ்ட்ரோக் குறையுதான்னு 27 நாட்டுல 4,800 பேர் கிட்ட வெச்சு பார்த்து 2021ல வெளியிட்டாங்க. மூளையிலயோ வேற உறுப்புலயோ ரத்தக்கட்டி போய் அடைச்சது 7 சதவிகிதத்துல இருந்து 4.8க்கு வந்துச்சு. அதுக்கு தமிழ்ல "சோணை மூடல்"னு சொல்லலாம், அடைப்புங்கற சொல் வேண்டவே வேண்டாம், பைபாஸ் பேஷண்ட்டுக்கு அடைப்புன்னா வேற அர்த்தம்.

அடுத்தது "ரத்தத்தை மெலிசாக்குற மாத்திரை". இதைத் தான் எல்லாரும் சொல்றாங்க, எங்க வீட்டு விபத்துக்கு பாதி காரணம் இது. ஆஸ்பிரினும் அந்தப் பேர்ல தான் வருது, வார்ஃபரின் அபிக்ஸபான் மாதிரி மாத்திரையும் அதே பேர்ல தான் வருது, அப்ப ஒண்ணு போட்டா போதும்னு தான் யாருக்கும் தோணும். ஆஸ்பிரின் ரத்தத்துல இருக்கற தட்டணுக்களை ஒண்ணோட ஒண்ணு ஒட்ட விடாம, பைபாஸ்ல வெச்ச புது ரத்தக்குழாயைக் காப்பாத்துது, தேங்கின ரத்தம் உறையறதை அது சரியா தடுக்காது, அதுக்கு இன்னொண்ணு வேணும். ரெண்டுலயும் ரத்தம் ஒண்ணும் தண்ணியா ஆகறதில்ல. "ஒட்டுத்தடுப்பு மாத்திரை", "உறைதடுப்பு மாத்திரை"ன்னு ரெண்டா பிரிச்சு எழுதினா என்ன? ரெண்டும் சேர்ந்தா ரத்தக்கசிவு ஆபத்து கூடும், அதனால எவ்ளோ நாள், எந்த அளவுங்கறதை டாக்டர் தான் வயசு, சுகர், பிபி, முன்னாடி ஸ்ட்ரோக் வந்ததா எல்லாம் கணக்குப் போட்டு முடிவு பண்ணுவாரு. அமெரிக்க வழிகாட்டுதல்ல 2023ல, கசிவு ஆபத்து இல்லன்னா ஆபரேஷனுக்கு அப்புறம் 60 நாள் குடுத்துட்டு திரும்ப பார்க்கறது நல்லதுன்னு இருக்கு. முன்னெல்லாம் வந்து போயிடுச்சேன்னு இதை லேசா விட்டுடுவாங்க, ஆனா ஒரு தடவை வந்தவங்களுக்கு பிற்பாடு திரும்ப வர்றதும், ஸ்ட்ரோக் வர்றதும், வராதவங்களை விட அதிகமாத் தான் இருக்கு.

டிஸ்சார்ஜ் தாள்ல போடற மாதிரி ஒரு வரைவு எழுதியிருக்கேன், கை வைங்க:

"ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் உங்களுக்கு மேலறை வெறுந்துடிப்பு வந்து சரியானது. இது பயத்தால் வந்தது அல்ல. இதயத்தின் மேலறை ரத்தத்தைத் தள்ளாமல் வெறுமனே துடித்தால் ரத்தம் தேங்கி உறையலாம், உறைந்தது மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். அதைத் தடுக்கத்தான் இந்த உறைதடுப்பு மாத்திரை. படபடப்பு இல்லை என்றாலும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. முகம் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால், சிறிது நேரத்தில் சரியாகிவிட்டாலும் உடனே 108."

கடைசி வரியில "சரியாகிவிட்டாலும்" இருந்தே ஆகணும், அதை மட்டும் யாரும் சுருக்காதீங்க. நாங்க அன்னைக்கு கை சரியானதும் நாளைக்கு போலாம்னு தான் இருந்தோம், பக்கத்து வீட்டு அண்ணன் தான் சத்தம் போட்டு வண்டியில ஏத்தினாரு.

யாழ்ப்பாணத்து அக்கா, சோணை பத்தி உங்க பதில் வந்ததும் திருத்தி மறுபடி போடறேன். திருச்சி அக்கா, இந்த வரைவை உங்க வார்டுல படிச்சுக் காட்ட முடிஞ்சா எந்த வரியில முழிக்கறாங்கன்னு மட்டும் எழுதுங்க.