மிகச்சிறிய நீளம் என்று ஒன்று இருந்தால், அது சுருங்காதா?

நண்பர்களே, ஒரு சந்தேகம் பல நாளாக என்னை விடவில்லை. பிளாங்க் நீளம்தான் இடத்தின் (space) மிகச்சிறிய துண்டு என்று பலரும் எழுதுகிறார்கள். 1.6 மீட்டரை 10இன் 35ஆம் அடுக்கால் வகுத்தால் வருவது அது. ஆனால் ஈர்ப்பு மாறிலி, ஒளியின் வேகம், பிளாங்க் மாறிலி மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்ட அளவுதானே! அங்கே இடம் துண்டாகிறது என்று எந்தச் சோதனையும் காட்டவில்லை. சரி, இதுவரை புரிகிறது.

ஐன்ஸ்டீனின் சிறப்புச் சார்பியல் கோட்பாட்டின்படி, வேகமாக நகர்பவர் அளந்தால் நீளம் சுருங்கும். அப்படியானால் அந்த மிகச்சிறிய நீளம் அவருக்கு இன்னும் சிறியதாகிவிடாதா? இடம் துண்டுதுண்டாக இருந்தால், ஆற்றலைப் பொறுத்து ஒளியின் வேகம் மாறும் என்று சில எளிய மாதிரிகள் சொல்கின்றன. ஆனால் 2009இல் ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கி பதிவு செய்த ஒரு காமாக்கதிர் வெடிப்பில் (தொலைதூர விண்வெளியில் நிகழும் மிக வலிய வெடிப்பு), 700 கோடி ஆண்டுகளுக்கு மேல் பயணித்தும், ஆற்றலில் பெரிதும் வேறுபட்ட ஒளித்துகள்கள் ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளியில் வந்து சேர்ந்தன. அந்த மாதிரிகளுக்கு அது பலத்த அடி.

அப்புறம், ஈர்ப்பையும் குவாண்டம் இயற்பியலையும் இணைக்க முயலும் கண்ணி குவாண்டம் ஈர்ப்பு (loop quantum gravity) என்ற கோட்பாட்டில் பரப்பளவு படிப்படியான மதிப்புகளாக வருகிறது. கோண உந்தம் (சுழற்சியின் அளவு) தனித்தனி மதிப்புகளை எடுத்தும் சுழற்சிச் சமச்சீர் (எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் விதிகள் மாறாமை) கெடாததுபோல, இங்கேயும் சுருக்கத்தால் சிக்கல் இல்லை என்கிறார்கள். இந்த ஒப்புமைதான் எனக்குப் பிடிபடவில்லை. இயற்பியல் படித்தவர்கள் யாராவது கணிதம் அதிகமில்லாமல் விளக்க முடியுமா?