இறால் குஞ்சு விடமுதல் பிசிஆர்: பொரிப்பக அறிக்கை காணுமோ?

கொக்கிளாய்க்கரை:
கடல்நீரேரிப் பக்கம் ஒரு ஏக்கர் குளத்துக்கு இறால் குஞ்சு எடுக்கப்போறம். பொரிப்பகம், இறாலைக் கொல்லுற வெண்புள்ளி வைரஸ் இல்லை, 'வெண்புள்ளி நெகட்டிவ்' எண்டு பிசிஆர் (வைரஸின்ரை மரபணுவைத் தேடுற பரிசோதனை) அறிக்கை தருது. அதை நம்பி விடலாமோ? நாங்களும் பாக்கிறதெண்டால் எத்தனை குஞ்சு, எதிலை போட்டு அனுப்புறது? குளத்திலை விட்டாப்பிறகு எந்தப் பாகத்தை எடுக்கவேணும்?

நாயாறு_வளர்ப்பு:
தம்பி, அறிக்கையிலை மாதிரி எடுத்த திகதியையும் எத்தனை குஞ்சிலை செய்தது எண்டதையும் முதல் பாருங்கோ. தொட்டியிலை நூற்றுக்கு 2 குஞ்சிலை வைரஸ் இருந்தால், 150 குஞ்சு எடுத்தால்தான் ஒண்டாவது அகப்பட 95 வீத வாய்ப்பு. 20 குஞ்செண்டால் மூண்டிலை ஒரு வாய்ப்புத்தான்.

குஞ்சை வெள்ளைப் பேசினிலை விட்டுத் தண்ணியைக் கையாலை ஒருபக்கமாச் சுழட்டுங்கோ. திடமானது எதிர்த்து நீந்தி ஓரத்திலை நிக்கும், சோர்ந்தது நடுவிலை குவியும். மாதிரியிலை அந்த நடுக்குவியலும் கட்டாயம் வரவேணும். அனுப்புற போத்தலிலை குஞ்சு ஒரு பங்கு, 95 வீத எதனோல் பத்துப் பங்கு. போத்தல் நிறையக் குஞ்சை அடைச்சால் உடம்புத் தண்ணி எதனோலை ஐதாக்கி, டிஎன்ஏ பழுதாப்போகும். ஃபோர்மலின் வேண்டவே வேண்டாம். அது டிஎன்ஏயைச் சிதைச்சுப்போடும்.

முத்தையன்கட்டு_ஆய்வு:
150ஐயும் ஒரே குழாயிலை அரைக்க விடாதேங்கோ. நோய்க் குஞ்சு ஒண்டெண்டால் அதின்ரை வைரஸ் ஐதாகித் தெரியாமல் போகலாம். 30 படி ஐஞ்சு பங்காக் கேளுங்கோ. வளந்த குஞ்சின்ரை கண்ணை நீக்கவேணும், கண்ணிலை இருக்கிற பொருள் பிசிஆரைத் தடுக்கும். இறாலின்ரை சொந்த மரபணுவும் கூடவே பாத்ததோ எண்டு கேளுங்கோ. அதுவும் வராட்டில் அந்த 'நெகட்டிவ்' பரிசோதனை நடக்கேல்லை எண்டதுக்குச் சமன்.

குளத்திலை, வெண்புள்ளிக்கு நீச்சல்கால் அல்லது செவுள். ஈரற்கணையம் (தலைப்பக்கத்திலை இருக்கிற செமிபாட்டு உறுப்பு) அந்த வைரஸுக்கு உதவாது. ஆனால் வளர்ச்சியைக் குறைக்கிற ஈஎச்பி ஒட்டுண்ணிக்கு ஈரற்கணையந்தான் வேணும். விட்டு ஒரு மாசத்துக்குள்ளை திடீரெண்டு சாகிற ஈஎம்எஸ் எண்ட நோய்க்கு வயிறும் ஈரற்கணையமும். அதுக்கு விப்ரியோ பக்டீரியா இருக்கெண்டது மட்டும் காணாது, பிர்ஏ, பிர்பி நச்சு மரபணு இருக்கோ எண்டு பாக்கவேணும். ஒவ்வொரு குளத்துக்கும் புது பிளேட். பழைய கத்தியிலை ஒட்டியிருக்கிறது, அந்தக் குளத்திலை இல்லாத நோயையும் இருக்கிறதாக் காட்டும்.

கொக்கிளாய்க்கரை:
நன்றி அண்ணை. சிடி (மரபணு தெரியவர எடுத்த பிசிஆர் சுற்று) 36 எண்டு வந்தால்?

முத்தையன்கட்டு_ஆய்வு:
சுற்று கூடக்கூட வைரஸ் குறைவு, 3.3 சுற்றுக்குப் பத்து மடங்கு வித்தியாசம். 26க்கும் 36க்கும் இடையிலை கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு. 36 எண்டால் வைரஸ் மிகக் குறைவு, அல்லது வேறை மாதிரியிலை இருந்து வந்த கலப்பு. குஞ்செண்டால் வாங்காதேங்கோ. குளமெண்டால் புது மாதிரி எடுத்துத் திரும்பப் பாருங்கோ, அதுவரை மதகைத் திறக்கவேண்டாம்.

நாயாறு_வளர்ப்பு:
மாரி தொடங்கமுதல் ஒருக்காப் பாக்கிறதைத் தவறவிடாதேங்கோ. மழைக்கு உப்புத்தன்மையும் வெப்பமும் சடாரெண்டு இறங்கேக்கைதான் ஒளிஞ்சிருக்கிற வெண்புள்ளி எழும்பும், பிறகு 3 தொடக்கம் 10 நாளிலை குளமே காலி. வைரஸுக்கு மருந்தில்லை. வந்திட்டால் தண்ணியைத் திறந்து விடாமல் வலையாலை பிடிச்சு எடுங்கோ, குளோரின் போட்டபிறகுதான் தண்ணியை விடலாம். எல்லாரும் ஒரே கடல்நீரேரியிலைதான் தண்ணி எடுக்கிறம், அதாலை பக்கத்துக் குளத்துக்காரருக்கு அண்டைக்கே சொல்லுங்கோ.